சிதம்பரம் நடராசர் கோயில் நிருவாக வழக்கு

சிதம்பரம் நடராசர் கோயில் நிருவாக வழக்கு என்பது கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில் அமைந்துள்ள நடராசர் கோயிலை நிருவகிக்கும் உரிமை தமிழக அரசுக்கா, பொது தீட்சிதர்களுக்கா என்பது பற்றிய வழக்கு ஆகும். இந்திய அரசியலமைப்பின் 26 ஆவது பிரிவு, ஒவ்வொரு சமயப் பிரிவும் தன் சமய அலுவல்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையை அளிக்கிறது.

வரலாறு

தீட்சிதர்கள் அத்தகைய சமயப் பிரிவினரே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1951 இல் தீர்ப்பளித்தது. 1987 இல் அரசு கோயிலுக்குச் செயல் அலுவலரை நியமித்தது. 2009 இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. 2014 சனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்நியமனத்தை நீக்கியது. குறைகளைக் களைய அரசு கோயிலை ஏற்கலாம். குறை நீங்கியதும் திருப்பி அளிக்க வேண்டும் என்றது.

அடியார் உரிமை

கனகசபை எனப்படும் சிற்றம்பல மேடையில் அடியார்கள் தேவாரம் பாட 2008 இலும், ஏறி வழிபட 2022 இலும் அரசு ஆணையிட்டது. தீட்சிதர் உரிமை, அடியார் உரிமை ஆகிய இரண்டும் சமய உரிமையின் பெயராலேயே கோரப்படுகின்றன.