காசும் கணக்கும் – 14: கடைசி நம்பர்

மாமாவிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை கோடு போடுவது போலவே கோடு போட்டிருக்கிறார். இடது பக்கம் திகதி, நடுவில் அன்றைய சீட்டிழுப்பில் வந்த இலக்கம், வலது ஓரத்தில் சிவப்புப் பேனாவால் கடைசி நம்பர் மட்டும் தனியாக. பதுளை பஸ் ஸ்டேண்டில் பசறை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மாலையில் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாரு மாப்ள, அஞ்சு வந்து ஒம்போது நாளாச்சு. இன்னிக்கு வராம எங்க போகும்?"

சொல்லிவிட்டு எழுந்து போய், சுவீப் டிக்கட் விற்கிறவரின் பலகையில் கிளிப்பு மாட்டித் தொங்கிய கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தில் முடிகிற சீட்டு நாலாவது கட்டில் கிடைத்தது. 40 ரூபா.

நம் நாட்டு லொத்தரில் இலக்கத்தை நாம் எழுதிக் கொடுப்பதில்லை, அது அச்சாகியே வரும். பலகையில் தொங்குவதில் எதைப் பிடுங்குவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அந்த ஒரு சுதந்திரத்தைச் சுற்றித்தான் மாமாவின் கொப்பி, பக்கத்து லயத்து அக்கா தன் ராசி அச்சிட்ட லக்ன வாசனாவைத் தேடுவது, வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்துதான் சீட்டு வாங்குவேன் என்கிற ஓட்டோக்காரத் தம்பியின் விரதம் எல்லாமே. போன வாரம் லயத்துச் சீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். கங்காணியம்மா பிடிக்கிற அந்தச் சீட்டில் போட்ட காசு ஒரு மாதமில்லாவிட்டால் ஒரு மாதம் முழுசாகத் திரும்பி வரும். இந்தச் சீட்டின் கணக்கு வேறு.

ஒன்பது நாள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உருளைக்கு ஞாபகம் கிடையாது. நேற்று எது வந்தது, எது வரவில்லை என்று அதற்கு யாரும் சொல்லி வைப்பதில்லை. பத்து நம்பரில் ஒன்று வராமல் இருக்க ஒவ்வொரு நாளும் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு. அதை ஒன்பது முறை பெருக்கினால் 100க்கு கிட்டத்தட்ட 39 வரும். எந்த நம்பரை எடுத்தாலும், எந்த ஒன்பது நாளை எடுத்தாலும், அது வராமலே போவது 100க்கு 39 தடவை நடக்கிற சாதாரண சங்கதி. பத்தாவது நாளும் ஐந்துக்கு இருப்பது பத்தில் ஒன்றேதான்.

மாமா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அடிக்கடி விழுது, தெரியுமா?" என்றார். அதுவும் உண்மை. இங்கேதான் லொத்தரின் சூட்சுமமே இருக்கிறது.

பரிசுப் பட்டியலை நாம் எல்லாரும் மேலேயிருந்து வாசிக்கிறோம். சுப்பர் பரிசு இத்தனை கோடி, அடுத்தது இத்தனை இலட்சம் என்று. கீழே வரும்போது எழுத்தும் சிறுத்துவிடும், கண்ணும் களைத்துவிடும். ஒருதடவை கீழேயிருந்து வாசித்துப் பாருங்கள்.

மஹஜன சம்பத போன்ற ஒரு சீட்டில் ஆறு இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எழுத்தை இப்போதைக்கு விடுவோம். 000000 முதல் 999999 வரை பத்து இலட்சம் சீட்டும் விற்றுப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 40 ரூபா என்றால் வசூல் 4 கோடி. கடைசி நம்பர் ஒன்று மட்டும் பொருந்துகிறவர்கள் 90,000 பேர். கடைசி இரண்டும் பொருந்துகிறவர்கள் 9,000. மூன்றுக்கு 900, நாலுக்கு 90, ஐந்துக்கு 9, ஆறும் பொருந்துகிறவர் ஒரே ஒருவர். கூட்டிப் பார்த்தால் சரியாக ஓர் இலட்சம் பேர். பத்தில் ஒருவருக்கு விழுகிறது என்று சொன்னால் அது பொய்யே இல்லை. ஆனால் விழுந்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு விழுந்தது கடைசி நம்பர் மட்டும்தான். அதற்குக் கிடைப்பது சீட்டின் விலை. 40 ரூபா கொடுத்து 40 ரூபா வாங்குவதற்கு எங்கள் பக்கம் "விழுந்திருச்சு" என்று பெயர்.

பரிசுத் தொகைகளை லொத்தர் சபைகள் அவ்வப்போது மாற்றும். ஆகவே கீழே வருவது எந்தச் சீட்டின் பட்டியலும் அல்ல, கைக்கணக்குக்காக நான் போட்டது. ஒரு நம்பருக்கு 40 ரூபா, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 2,000, நாலுக்கு 20,000, ஐந்துக்கு 2 இலட்சம், ஆறுக்கு 50 இலட்சம். ஒவ்வொரு படிக்கும் போகிற மொத்தக் காசு வரிசையாக 36 இலட்சம், 36 இலட்சம், 18, 18, 18, கடைசியில் 50. ஆக 1 கோடி 76 இலட்சம். 4 கோடி கொடுத்து 1 கோடி 76 இலட்சத்தை நமக்குள் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஒரு சீட்டுக்குச் சராசரி 17 ரூபா 60 சதம். மிச்சம் அச்சுக்கூலி, விற்கிறவரின் கமிஷன், சபையின் செலவு, அரசாங்கத்தின் பங்கு என்று பிரிந்து போகும்.

இப்போது மாமாவின் "அடிக்கடி"க்கு வருவோம். தினம் ஒரு சீட்டு, மாதம் முப்பது. முப்பதிலும் கடைசி நம்பர் ஒருமுறைகூடப் பொருந்தாமல் போகிற வாய்ப்பு 100க்கு நாலுதான். மாதம் மூன்று தடவை விழுவது சராசரி. அந்த 40 ரூபாவைப் பணமாக வாங்கி மடியில் கட்டுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. விற்கிறவர் "இன்னொன்னு எடுத்துக்கங்க அய்யா" என்பார், இவரும் பலகையைப் புரட்டத் தொடங்குவார். கீழ்ப்படியில் கொடுக்கிற காசு அடுத்த நாளே கடைக்குத் திரும்பி வந்துவிடும் என்று பட்டியல் போட்டவருக்குத் தெரியும். கெட்டிக்காரர்.

முப்பது சீட்டுக்கு 1,200 ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, அப்போது கையில் வந்தது 1,242. அத்தை மழையில் படங்கு கட்டிக்கொண்டு மலையில் நின்று போட்ட ஒரு முழுப்பேர், மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பலகையில் கிளிப்பு மாட்டித் தொங்கியது.

உச்சிப்படிக்கு எழுத்தும் பொருந்த வேண்டும். 26 எழுத்தும் உருளையில் இருந்தால் 2 கோடி 60 இலட்சத்தில் ஒன்று. 2024 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் மொத்தச் சனத்தொகை சுமார் 2 கோடி 17 இலட்சம். கைக்குழந்தை முதல் ஆளுக்கொரு சீட்டு வாங்கினாலும் சீட்டுகள் மீதி இருக்கும். நான்கு எண்களும் ராசியும் பொருந்த வேண்டிய வகையில் கணக்கு கொஞ்சம் இளகும். உருளையில் 60 எண்கள் என்று வைத்தால் நான்கும் பொருந்த 4,87,635இல் ஒன்று. பன்னிரண்டு ராசியால் பெருக்கினால் 58 இலட்சத்துச் சொச்சத்தில் ஒன்று. அப்படியும் சுப்பர் பரிசு பல வாரம் விழாமல் கூடிக்கொண்டே போகும். கூடக்கூடக் கூட்டமும் கூடும். விழுந்த பிறகும் ஒரு கழிவு உண்டு: 5 இலட்சத்தைத் தாண்டிய பரிசுக்கு 14 வீத வரி பிடிப்பார்கள்.

"ஒரு நம்பர்ல போச்சு மாப்ள" என்று மாமா சொல்வதிலும் ஒரு கண்கட்டு இருக்கிறது. வந்தது 482615, கையில் இருப்பது 482614. பக்கத்து வீடு மாதிரி தெரிகிறது. கடைசியிலிருந்து பொருத்துகிற பட்டியலில் இந்தச் சீட்டுக்கு ஒரு சதமும் கிடையாது, 000005 வைத்திருப்பவருக்கு 40 ரூபா உண்டு. லொத்தரில் "பக்கம்" என்று ஓர் இடமே இல்லை. ஆனால் நெஞ்சு அதை நம்பாது. பொருந்தாத சீட்டைக் கிழித்துப் போடுகிறவர், இப்படி "பக்கத்தில்" போனதை மட்டும் கொப்பிக்குள் வைத்திருக்கிறார்.

பெயர்களையும் கவனித்துப் பாருங்கள். தன நிதானய என்றால் புதையல், கப்ருக கற்பகத்தரு, அத கோடிபதி இன்றைய கோடீஸ்வரன், ஹந்தஹன ஜாதகம். கொவிசெத விவசாயியின் நலம். தோட்டத்தில் பேர் போடுகிறவர் எந்தப் பத்திரத்திலும் விவசாயி என்று எழுதப்பட்டதில்லை, ஆனால் அந்தச் சீட்டு எங்கள் பக்கம் நன்றாகவே ஓடுகிறது.

இதையெல்லாம் நடத்துபவை இரண்டு அரச நிறுவனங்கள். தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் பிறந்தது. அபிவிருத்தி லொத்தர் சபை 1983இல் வந்தது. 2017இல் 20 ரூபாச் சீட்டை 30 ஆக்கிப் பார்த்தார்கள். விற்பனை விழுந்தது, விற்கிறவர்கள் தெருவில் இறங்கினார்கள், திரும்பவும் 20 ஆனது. 2022இல் 40 ஆனபோது மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் அதைவிட ஏறியிருந்தன. எங்கள் பக்கம் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன எங்கள் உறவுகள் நீலகிரியில் வேறு கதை பார்த்தார்கள். தமிழ்நாட்டில் அண்ணாதுரை அரசு 1968இல் பரிசுச்சீட்டைத் தொடங்கியது, கருணாநிதி 1975இல் நிறுத்தினார், எம்.ஜி.ஆர். 1984இல் மறுபடி கொண்டுவந்தார், 2003இல் ஜெயலலிதா முற்றாகத் தடை செய்தார். கூடலூர்ப் பக்கம் இருக்கிற சித்தப்பா மகனுக்கு எல்லையைத் தாண்டினால் கேரள அரசின் சீட்டு. இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் அரசு வருமானம்.

இன்னொன்றையும் மாமாவிடம் சொன்னேன். அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல நிதியத்துக்கும் போகிறது. நான் கம்பஸில் படித்த காலத்தில் மாதாமாதம் வந்த மகாபொலக் காசில், விழாத சீட்டுகளின் காசும் கலந்துதான் இருந்திருக்கும். இருதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரக நோய்க்கும் உதவுவது ஜனாதிபதி நிதியம். அதற்குச் சீட்டு வைத்திருக்க வேண்டியதில்லை, நம்பர் பொருந்த வேண்டியதும் இல்லை. வருமான எல்லையும் வைத்தியரின் பரிந்துரையும் போதும். முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம கீழ் லயத்து முனியாண்டி கோயில் பூசாரிக்கு நெஞ்சுல ஓட்டைன்னு சொன்னாங்களே, அவருக்கும் குடுப்பாங்களா?" என்று கேட்டார். குடுப்பாங்க, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்க என்றேன். சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் "பிரதேச செயலகம், கிளினிக் கொப்பி" என்று எழுதிக்கொண்டார். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் பலகைப் பக்கம் திரும்பி, "நாளைக்கும் அஞ்சு வெச்சிருங்க" என்றார்.

(அடுத்த வாரம்: அடகுக் கடையில் ஒரு பவுணின் கணக்கு)