பதுங்கிப் பாய்ஞ்சா முதல் அடி யாருக்கு?

ஞாயித்துக்கிழமை, அம்பத்தூர் மொட்டைமாடி. நாலு ஃப்ரெண்ட்ஸ், 20 பக்க டைஸ், 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கேம். "ஒளிஞ்சிருந்துதானே அடிச்சோம்... ஒரு ரவுண்டு எங்களுக்குத்தான்!" நிஜ சண்டை இங்கதான் ஆரம்பிக்கும்.

2014 விதிப்படி, தனியா 'சர்ப்ரைஸ் ரவுண்டு' கிடையாது பாஸ். ஆபத்தை யார் கவனிச்சாங்க, யார் கவனிக்கலைனு தனித்தனியா பார்க்கணும். கவனிக்காதவரால் தன் முதல் டர்னில் நகரவோ தாக்கவோ முடியாது.

2024 விதியில் டர்ன் பறிபோகாது. யார் முன்னாடி ஆடுறதுனு முடிவுசெய்யும் 'இனிஷியேட்டிவ்'க்கு, அவர் டைஸை ரெண்டு தடவை உருட்டி, குறைஞ்ச எண்ணை எடுத்துக்கணும். அவ்வளவுதான்!

நாளைக்கு எதிரி பதுங்கினா, பழைய விதிப்படி சும்மா உட்காரப்போறது உங்க நண்பர்தான். அதனால, எந்த வருஷத்துப் புக்குனு ஆட்டத்துக்கு முன்னாடியே பேசிடுங்க.