நூறு ரூபாய் மிச்சம், எட்டு மீட்டர் நஷ்டம்

மோட்டார் சைக்கிளுக்கு மாற்று பிரேக் பேட் வாங்கும்போது சிக்கனம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பொழுது விடிந்ததும் ஆனேக்கலிலிருந்து சந்தாபுரா செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிள்களின் ஊர்வலம் தொடங்கிவிடுகிறது. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி என்று பெங்களூரின் தென்கோடித் தாலுகாவான ஆனேக்கலில் தொழிற்பேட்டைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லையைத் தாண்டினால் ஓசூர். ஷிஃப்டுக்கு ஓடும் தொழிலாளர்களில் கன்னடர், தமிழர், தெலுங்கர் எல்லோரும் உண்டு. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஆனேக்கலுக்கு இன்னமும் சாலைதான்; பலருக்கு இரு சக்கரம்தான்.

லாரி, கம்பெனி பஸ், குறுக்கே வரும் ஆட்டோ, திடீர் வேகத்தடை. ஒவ்வொன்றும் பிரேக் லிவரை ஒருமுறை அழுத்த வைக்கிறது. அழுத்த அழுத்தத் தேய்வது பேட். ஒரு நாள் முன்சக்கரம் கிரீச்சிட, வண்டி மெக்கானிக்கிடம் போகிறது. அங்கே காத்திருக்கிறது அந்தக் கேள்வி: கம்பெனி சரக்கா, லோக்கலா?

பெரும்பாலானவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்று விதப் பெட்டிகள்

முதலாவது, வண்டிக் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டி. விலை அதிகம். ஆனால் வண்டிக் கம்பெனிகள் பொதுவாகத் தாங்களே பேட் தயாரிப்பதில்லை; பிரேக் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. இரண்டாவது பெட்டி அந்தத் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் சந்தைக்கு அனுப்புவது. சென்னையில் வேரூன்றிய ராணே, குர்காவ்னின் ஏ.எஸ்.கே., அவுரங்காபாத்தில் வளர்ந்த எண்டியூரன்ஸ், இத்தாலிய பிரெம்போ சிறிய வண்டிகளுக்கென உருவாக்கிய பைபிரே ஆகியவை இந்த ரகம். பல நேரங்களில் இவை முதல் பெட்டியைவிட மலிவாகக் கிடைக்கும். வண்டியோடு வந்த அதே கலவைதான் இதிலும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆனாலும் பெட்டிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை, ஒரு முகவரி, கெட்டுப்போனால் கேள்வி கேட்க ஒரு பெயர் இருக்கிறது.

மூன்றாவது பெட்டியில் இவை எதுவும் இருக்காது. சில சமயம் பெட்டியே இருக்காது. பாலிதீன் உறையில் இரண்டு துண்டுகள். அல்லது பிரபலமான பெயர் இருக்கும், எழுத்துதான் ஒன்று மாறியிருக்கும். பெங்களூரின் ஜே.சி. ரோடு, சென்னையின் ஜி.பி. ரோடு, டெல்லியின் காஷ்மீரி கேட் போன்ற பெரிய உதிரிபாகச் சந்தைகளில் நல்ல சரக்கு ஏராளம். ஆனால் பெயரில்லாத சரக்கு எந்த ஊர்ச் சந்தைக்கும் புதிதல்ல.

கணக்கு என்ன சொல்கிறது?

மட்டமான பேட் போட்டாலும் வண்டி நிற்கத்தான் செய்யும். எங்கே நிற்கும் என்பதில்தான் விஷயம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியை நல்ல பேட் 20 மீட்டரில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டின் பிடி 30 சதவீத அளவுக்குக் குறைந்தால், அதே அழுத்தத்தில் அந்த வண்டி நிற்க 28 மீட்டருக்கும் மேல் தேவை. முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் கிட்டத்தட்ட 33 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். எதிரே லாரியின் பின்புறம் இருந்தால் மோதும் வேகம் அதுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதன் வேலை. பேட்டில் இல்லாத பிடியை அது உண்டாக்கித் தராது.

கையில் எடுத்துப் பாருங்கள்

நல்ல பேட்டை அடையாளம் காண இன்ஜினியர் ஆக வேண்டியதில்லை. வண்டியின் பார்ட் நம்பரும் பெட்டியில் உள்ளதும் ஒத்துப்போகிறதா? இரும்புத் தகட்டின் மேல் உராயும் பொருள் சீராக ஒட்டியிருக்கிறதா? ஓரம் பிரிந்தோ, வெடிப்பு விட்டோ இருந்தால் வேண்டாம். தகட்டில் தயாரிப்பாளரின் குறி பதிந்திருக்கிறதா? பெட்டியில் முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு உள்ளனவா? இவை சட்டப்படி இருந்தாக வேண்டியவை.

சில பேட்களின் முதுகில் எஃப்.எஃப்., ஜி.ஜி., எச்.எச். என்று இரட்டை எழுத்து இருக்கும். அது உராய்வின் அளவு. முதல் எழுத்து சாதாரண வெப்பத்துக்கும் இரண்டாவது கடும் சூட்டுக்கும் உரியவை. 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' அதற்கு மேல், 'எச்' 0.55-ஐயும் தாண்டியது. இரண்டாவது எழுத்து தாழ்ந்திருந்தால், இறக்கத்தில் சூடேறியதும் பிடி தளரும் என்று அர்த்தம்.

அதற்காக எல்லோரும் எச்.எச். தேட வேண்டியதில்லை. உலோகப் பொடியை அழுத்திச் சுட்ட சின்டர்டு பேட் பெரிய, வேகமான வண்டிகளுக்கு ஏற்றது. அதற்கென அமையாத டிஸ்க்கை அது வேகமாகத் தின்றுவிடும். தினசரி வேலைக்குப் போகும் 125, 150 சி.சி. வண்டிக்குக் கம்பெனி சொன்ன ரகமே போதும். அதற்குமேல் செலவழிப்பதும் வீண்தான்.

மாட்டுவதிலும் இருக்கிறது

பேட் எப்போதும் ஜோடியாகவே மாற்றப்பட வேண்டும். தேய்மானத்தைக் காட்டும் பள்ளம் மறைந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மேலும் ஓட்டினால் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டும். டிஸ்க்கின் விலை பேட்டைப் போலப் பல மடங்கு. புது பேட்டிலோ டிஸ்க்கிலோ எண்ணெய்க் கை படக்கூடாது. பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி மாட்டியதால் முதல் அழுத்தத்தில் லிவர் வெறுமையாக உள்ளே போகும். ஷெட்டைவிட்டு நகருமுன் நாலைந்து தடவை அழுத்தி இறுக்கம் வந்ததா என்று பார்ப்பது உயிர் காக்கும் பழக்கம். முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்தால் பேட் டிஸ்க்கோடு படியும்.

டிரம் பிரேக் வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை. கல்நார் இந்தியாவில் முற்றிலுமாகத் தடை செய்யப்படவில்லை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அந்த நார், பெயரில்லாத பிரேக் ஷூவில் இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது. டிரம்மைத் திறந்து தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் மெக்கானிக்குக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

பில் எங்கே?

போலிச் சரக்கு விற்பவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கடும் தண்டனை வைத்திருக்கிறது. உயிர்ச்சேதம் நேர்ந்தால் குறைந்தது ஏழாண்டு சிறை. புகார் சொல்ல 1915 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. ஆனால் எந்தக் கடையில் வாங்கியது என்பதற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி பில். மெக்கானிக்கே வாங்கி மாட்டினால் பெட்டியையும் பழைய பேட்டையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

மலிவின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பெயரில்லாத பேட்டுக்கும் நல்ல பேட்டுக்கும் 200 ரூபாய் வித்தியாசம், நல்லது 10,000 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 2 பைசா கூடுதல். தினமும் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு ஒரு நாளைக்கு 80 பைசா. எட்டு மீட்டருக்கு இதைவிட மலிவான விலை எந்தக் கடையிலும் கிடையாது.