ஒற்றைக் கம்பியின் மர்மம்

இருபது வருஷ காலமாக நாம் கரும்பலகையில் ஒரே படத்தை எழுதி வருகிறோம். பாட்டரியிலிருந்து ஒரு கோடு விளக்குக்குப் போகும். விளக்கிலிருந்து மற்றொரு கோடு பாட்டரிக்குத் திரும்பி வரும். போன மின்சாரம் திரும்பி வந்தே தீர வேண்டும் என்பது பாடத்தின் சாரம். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதேயன்றி, நம் சொந்த மோட்டார் வண்டிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது சென்ற ஐப்பசி வரையில் நமக்குத் தோன்றவேயில்லை.

தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திருவையாற்றிலிருந்து தகவல் வந்தது. இரவு பத்து மணிக்குத் தஞ்சையை விட்டுக் கிளம்பினோம். நல்ல மழை. வண்டியின் இடது விளக்கு சில நாட்களாகவே செம்மஞ்சளாய் அழுது வடிந்துகொண்டிருந்தது. "வலது விளக்குத்தான் நன்றாய் எரிகிறதே!" என்று நாமும் சும்மா இருந்துவிட்டோம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. சைக்கிள்காரரும் நடப்பவரும் அதற்கும் இடப்புறத்தில் ஓரமாகச் செல்கிறார்கள். அவர்களைக் காட்ட வேண்டியது இடது விளக்கு.

வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் இல்லாள், "ஐயோ, ஆள்!" என்று கூவினாள். பிரேக்கை மிதித்தோம். தலையில் சாக்கைப் போர்த்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெரியவருக்கு இரண்டு முழ தூரத்தில் வண்டி நின்றது. அவர் நம்மைத் திட்டக்கூட இல்லை. "வெளக்கைப் பாருங்க, சாமி" என்று சொல்லிவிட்டு நடந்தார். (தாயார் மறு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.)

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர் பல்பைக் கழற்றிவிட்டு, பல்புக்கு வரும் கம்பியில் ஒரு முனையையும் வண்டியின் வேறொரு பக்கத்தில் மற்றொரு முனையையுமாக மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "மின்சாரம் சரியாக வருகிறது, விளக்கையே மாற்ற வேண்டும்" என்றார். மாற்றினோம். புது விளக்கும் பழைய விளக்கைப் போலவே அழுதது!

பிறகுதான் புளிய மரத்தடியில் கடை வைத்திருக்கும் வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனோம். அவர் பல்பைக் கழற்றவேயில்லை. விளக்கை எரியவிட்டு, இரண்டு முழம் கம்பியை எடுத்து, ஒரு நுனியை விளக்கின் எர்த் முனையிலும் மற்றொரு நுனியைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்தார். விளக்கு பளீரென்று வெள்ளையாய்ப் பிரகாசித்தது. "வர்ற வழி நல்லாத்தான் இருக்கு, ஸார். திரும்பிப் போற வழிதான் அடைச்சுக் கிடக்கு" என்றார்.

நம் முகத்தில் அசடு வழிந்தது என்று சொல்லவும் வேண்டுமோ? மோட்டார் வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வரும் தனிக் கம்பி பாட்டரி வரைக்கும் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே அந்தக் கம்பி. விளக்கிலிருந்து ஒரு குட்டைக் கம்பி பக்கத்துத் தகட்டில் ஒரு திருகாணியோடு முடிந்துவிடும். நம் வண்டியில் அந்தத் திருகாணியின் அடியில் துரு ஏறியிருந்தது.

துரு என்றால் எவ்வளவு துரு? 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும்; எரியும்போது அதன் தடை சுமார் 2.6 ஓம். துருவின் தடை வெறும் 0.3 ஓம் என்று வையுங்கள். வோல்ட்டேஜில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும். வெளிச்சமோ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். ஏனெனில் வோல்ட்டேஜ் சிறிது குறைந்தாலும் பல்பின் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறைகிறது. பட்டறை இளைஞரின் மீட்டர் ஏன் பொய் சொல்லிற்று? அது பொய் சொல்லவில்லை. துரு ஏறிய வழியை அவர் அளக்கவேயில்லை, அளந்திருந்தாலும் பயனில்லை. மீட்டர் இழுக்கும் மின்சாரம் அற்பம்; மின்சாரம் ஓடாதபோது துரு எதையும் தின்பதில்லை. விளக்கு எரியும்போதுதான் திருட்டு நடக்கிறது; அப்போதுதான் பிடிக்க வேண்டும். 1827-ல் இந்த விதியை வெளியிட்ட ஓம் என்பவரும் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். அவர் நம்மை மன்னிப்பாராக.

சிகிச்சை ஐந்து நிமிஷந்தான். முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். பாஸிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் தவறி வண்டியின் உடம்பில் பட்டதும் பெரும் பொறி பறக்கும். நெகட்டிவ் கழன்றிருந்தால் பட்டாலும் பாதகமில்லை. திருகாணியைக் கழற்றி, தகடு பளபளக்கும்வரை உப்புக் காகிதத்தால் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினார். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது, விரலின் எண்ணெய்ப் பசை அதன் ஆயுளைக் குறைக்கும் என்றும் சொல்லி வைத்தார்.

பியூஸ் பெட்டியைத் திறந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. எரிந்துபோன ஒரு பியூஸின் இடத்தில் யாரோ வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைத்திருந்தார்கள். கம்பி சூடாகித் தீப்பிடிப்பதற்கு முன் தான் உருகி உயிர் விடுவதே பியூஸின் தர்மம். காகிதம் உருகாது, கம்பிதான் உருகும். பத்து ஆம்பியர் என்றால் சிவப்புப் பியூஸ், பதினைந்து என்றால் நீலம். அந்த இடத்துக்கு உரியதைத்தான் போட வேண்டும்.

பின் விளக்கிலும் எர்த் கெடுவதுண்டு. அப்போது வேடிக்கை பார்க்கலாம்: பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். திரும்ப வழியில்லாத மின்சாரம் அடுத்த பல்பின் வழியாகப் புகுந்து புறப்படுவதே காரணம். ஆனால் வண்டியை ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. ஆகையால் மாதம் ஒரு முறை இரவில் வண்டியின் பின்புறத்தைச் சுவரோரமாக நிறுத்திப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். சுவரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பு விழ வேண்டும். நம் வீட்டில் இந்தப் பரீட்சையை நடத்துகிறவள் ஆறாம் வகுப்புப் படிக்கும் நம் பெண். சென்ற வாரம் வலது பல்பு போய்விட்டது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான்.