கியோட்டோவில் ஒரு மணி நேரம்: டூர் நடுவே போட்டோஷூட் புக் பண்ணுவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எங்க வீட்டுல பதினொரு ஆல்பம் இருக்கு. அதுல எங்க அப்பா இருக்கற போட்டோவை ரெண்டு கை விரல்ல எண்ணிடலாம். காரணம் சிம்பிள். கேமரா எப்பவும் அவர் கையில. ஒரு பழைய யாஷிகா. ஊட்டி, கொடைக்கானல், அத்தை கல்யாணம், என் காதுகுத்து, எல்லாத்துலயும் அம்மா இருக்காங்க, நான் இருக்கேன், யாரோ பக்கத்து வீட்டு மாமா கூட இருக்கார். அப்பா மட்டும் இல்லை. அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கற ஒழுங்கான படம்னா அது கல்யாண போட்டோதான்.

அதனால அவங்களோட 35ஆவது கல்யாண நாளுக்கு ஜப்பான் கூட்டிட்டுப் போனப்போ, கியோட்டோவுல ஒரு மணி நேரம் ப்ரொஃபஷனல் போட்டோகிராஃபர் வச்சுக்கலாம்னு முடிவு பண்ணேன். அப்பாகிட்ட சொன்னதும் முதல் கேள்வி, “போன்லயே எடுத்துக்கலாமே, அதுக்கு எதுக்குக் காசு?” இந்தக் கேள்வி உங்க வீட்டுலயும் வரும். நான் சொன்ன பதில்: “போன்ல எடுத்தா மறுபடியும் நீங்கதான்பா எடுப்பீங்க.”

கியோட்டோ பத்தி ரெண்டு வரி. 794லிருந்து 1868 வரைக்கும் ஜப்பானோட தலைநகரம். இரண்டாம் உலகப் போர்ல மத்த பெரிய நகரங்கள் எரிஞ்ச அளவுக்கு இது எரியலை. அதனால பழைய கோயில்களும் மரவீட்டுத் தெருக்களும் இன்னும் நிக்குது. சுத்துவட்டார ஊர்களையும் சேர்த்து 17 இடங்களை 1994ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. விளைவு என்னன்னா, உலகத்துல கேமரா வச்சிருக்கற எல்லாரும் அங்கதான் இருக்காங்க. சீசன்ல போனா திருவிழாக் கூட்டம்தான். செர்ரி பூ மார்ச் கடைசி, ஏப்ரல் ஆரம்பம். மேப்பிள் இலை சிவக்கறது நவம்பர் நடுவுலேர்ந்து டிசம்பர் ஆரம்பம் வரைக்கும். நாங்க போனது நவம்பர் கடைசி.

இப்ப நான் பண்ண தப்பு. இன்ஸ்டாவுல ஒரு அக்கவுன்ட் பார்த்தேன். படமெல்லாம் அள்ளுது, ரேட்டும் பாதி. அட்வான்ஸ் போடுங்கன்னாங்க, போட்டுட்டேன். அப்புறம்தான் பேசவே ஆரம்பிச்சேன். எத்தனை மணிக்குன்னு கேட்டா காலை 11. கோயிலுக்குள்ள எடுக்க அனுமதி இருக்கான்னு கேட்டா, “யாராவது கேட்டா நாம ஃபிரெண்ட்ஸ்னு சொல்லிடுங்க”ன்னு பதில். அந்த ஒரு வரியிலயே வயித்தைக் கலக்கிடுச்சு. கேட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சது, அவர் அந்த ஊர்க்காரர் இல்லை, சீசனுக்கு மட்டும் டூரிஸ்ட் விசாவுல வந்து எடுத்துட்டுப் போறவர். டூரிஸ்ட்டா உள்ளே வந்துட்டு ஜப்பான்ல காசு வாங்கி வேலை செய்யறது சட்டப்படி தப்பு. நடுவுல யாராவது நிறுத்தி விசாரிச்சா மாட்டறது அவர்தான், ஆனா அங்க முழிச்சுட்டு நிக்கப்போறது அம்மாவும் அப்பாவும். கேன்சல் பண்ணேன். அட்வான்ஸ் போனது போனதுதான்.

இதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன். காசு போடறதுக்கு முன்னாடி போட்டோகிராஃபர்கிட்ட கேட்கவேண்டிய முதல் கேள்வி ரேட் இல்லை. “நீங்க அங்கேயே வசிக்கிறவரா, வேலை செய்ய அனுமதி இருக்கா, எந்த இடத்துல எடுக்கப்போறோம், அந்த இடம் யாரோடது?” இதைத்தான் கேட்கணும். நேர்மையா தொழில் பண்றவர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

“அந்த இடம் யாரோடது”ன்னு ஏன் கேட்கணும்? நம்ம ஊர்ல கோயில் வெளிப்பிரகாரத்துல போட்டோ எடுத்துப் பழகிட்டதால, பார்க்கறதுக்குத் திறந்திருக்கற இடமெல்லாம் பொது இடம்னு நினைச்சுக்கறோம். கியோட்டோவுல கோயில்கள் அந்தந்த கோயில் நிர்வாகத்தோட சொந்த நிலம். நீங்க போன்ல ஒரு படம் எடுத்தா பல இடத்துல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. காசு வாங்கற ஒருத்தர் பெரிய லென்ஸோட வந்து, உங்களை நிக்க வச்சு, திருப்பி, நடக்கச் சொல்லி எடுக்கறது வேற கணக்கு. அதுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கற கோயில்கள் உண்டு, சுத்தமா விடாத கோயில்களும் உண்டு. டிரைபாட் பல இடத்துல கூடவே கூடாது.

கியோன் பகுதிக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். கெய்கோ, மாய்கோன்னு சொல்ற கலைஞர்கள் சாயங்காலம் நிகழ்ச்சிக்கு நடந்து போற தெருக்கள் அது. அவங்களை வழிமறிச்சு, துரத்தி, கிமோனோவைப் பிடிச்சு இழுத்துப் படம் எடுக்கற அளவுக்குச் சுற்றுலாப் பயணிகள் போயிட்டாங்க. 2019ல அந்தத் தெருவாசிகள் தங்களோட தனியார் சந்துகள்ல போட்டோ எடுக்கக் கூடாது, மீறினா 10,000 யென்னு போர்டு வச்சாங்க. அப்பவும் அடங்கலை. 2024ல அந்தச் சந்துகளுக்குள்ள டூரிஸ்ட் நுழையவே கூடாதுன்னு மூடிட்டாங்க. ஹனாமிகோஜிங்கற பெரிய தெரு பொதுத் தெரு, அதுல தாராளமா நடக்கலாம். யாராவது உங்களுக்கு “கியோன் சந்துல சீக்ரெட் ஸ்பாட் தெரியும்”னு ஆசை காட்டினா, அது யார் வீட்டு வாசல்னு யோசிச்சுக்கோங்க. நம்ம வீட்டு வாசல் கோலத்து மேல தினமும் நூறு பேர் வந்து நின்னா நாம என்ன பண்ணுவோம்?

சரி, ரெண்டாவதா கிடைச்சவர் அங்கேயே பல வருஷமா இருக்கறவர். ஒரு மணி நேரத்துக்கு 30,000 யென் கொடுத்தேன், அப்போதைய கணக்குக்கு 17,000 ரூபாய் சுமார். மலிவு இல்லை. மறைக்கல. ஆனா அவர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, “அம்மா அப்பாவால எவ்வளவு தூரம் நடக்க முடியும்?” அம்மாவுக்கு முட்டி வலி. நான் போட்டு வச்சிருந்த லிஸ்ட்டுல ஃபுஷிமி இனாரி, கியோமிசு கோயில், மூங்கில் காடு மூணும் இருந்துச்சு. அவர் சிரிச்சுட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு இடம்னு சொல்லிட்டார். யோசிச்சா சரிதான். ஃபுஷிமி இனாரி ஊருக்குத் தெற்கே, மூங்கில் காடு மேற்குக் கோடியில. நடுவுல டிரெயின் ஏறி இறங்கவே நேரம் போயிடும்.

கடைசியில முடிவானது யசாகா பகோடாவுக்கு ஏறற தெரு. 46 மீட்டர் உயரம், அஞ்சு அடுக்கு, இப்ப இருக்கற கட்டடம் 1440ல எழுந்தது. முக்கியமா, தெரு பொதுத் தெரு. காலை 6:45க்கு வரச் சொன்னார். அப்பா முந்தின ராத்திரியே அலாரம் மூணு வச்சுட்டார், அது வேற விஷயம்.

ஏன் அவ்வளவு சீக்கிரம்? கூட்டம் ஒரு காரணம். ஆனா வெளிச்சம் அதைவிடப் பெரிய காரணம், இதைக் கொஞ்சம் விளக்கறேன். பகோடா முழுசா தெரியணும்னா தெருவோட கீழ்முனையில நின்னு கிழக்கே பார்க்கணும். அப்போ காலைச் சூரியன் பகோடாவுக்குப் பின்னாடி. நம்ம ஊர்க் கணக்குல இது தப்பான நேரம், முகம் இருட்டாகிடும். ஆனா அந்தப் பக்கம் ஹிகாஷியாமா, அதாவது கிழக்கு மலை இருக்கு. நவம்பர் கடைசியில 6:40 வாக்குல விடிஞ்சாலும் மலையைத் தாண்டி வெயில் தெருவுல விழ இன்னும் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில வானம் வெளுத்திருக்கும், தெரு முழுக்க நிழல். முகத்துல கண்ணுக்குக் கீழ கருப்பு விழாது, யாரும் கண்ணைச் சுருக்க வேண்டாம். அந்த நேரத்துக்குத்தான் காசு கொடுக்கறோம். ஜூன்ல போனீங்கன்னா அங்க 4:45க்கே விடிஞ்சுடும், அப்ப கணக்கு வேற. நான் முதல்ல அட்வான்ஸ் போட்டவர் சொன்ன 11 மணி அவருக்குத்தான் வசதி.

இங்க கிமோனோ ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு சிக்கல். வாடகைக்கு எடுத்து உடுத்திக்கிட்டுப் போகலாம், சாதாரணம்னா சில ஆயிரம் யென்தான். ஆனா பெரும்பாலான கடைகள் திறக்கறதே 9 மணிக்கு, கட்டி, தலை பின்னி முடிக்க ஒரு மணி நேரம். அப்போ நீங்க தெருவுக்கு வரும்போது 10 ஆகிடும், கூட்டமும் வந்திருக்கும். சீக்கிரம் திறக்கற கடையைத் தேடிப் பிடிங்க, இல்லைன்னா சாயங்கால வெளிச்சத்துக்கு மாத்திக்கோங்க. வாடகைத் துணியை எத்தனை மணிக்குத் திருப்பணும்னும் கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, கிமோனோவுல இடது பக்கம்தான் மேல வரணும். வலது பக்கம் மேல வந்தா அது இறந்தவங்களுக்கு உடுத்தற முறை. செல்ஃபி கேமராவுல படம் கண்ணாடி மாதிரி திரும்பி சேவ் ஆகிற செட்டிங் இருக்கு பாருங்க, அதை ஆஃப் பண்ணிடுங்க. இல்லைன்னா ஜப்பான் ஃபிரெண்ட் யாராவது பார்த்துப் பதறிடுவாங்க.

அம்மா கிமோனோ வேண்டாம்னுட்டாங்க. மயில்கழுத்து நிறத்துல காஞ்சிபுரம் பட்டு, மேல ஸ்வெட்டர். நான் கொஞ்சம் சண்டை போட்டேன், ஸ்வெட்டருக்குத்தான். கியோட்டோவும் பட்டு ஊர்தான், நிஷிஜின்னு அங்க ஒரு நெசவுப் பகுதி இருக்கு. அன்னைக்கு மதியம் ஒரு கடையில வயசான அம்மா ஒருத்தங்க எங்க அம்மாவோட பார்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. நம்ம சரிகை பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பி சுத்தி, பொன்முலாம் பூசினது. அவங்க ஊர்ல தங்கத் தகட்டைக் காகிதத்துல ஒட்டி, அந்தக் காகிதத்தையே நூல் மாதிரி மெல்லிசா வெட்டி நெய்யற முறை இருக்கு. ரெண்டு பேருக்கும் பொது மொழி ஒண்ணு கூட இல்லை, இருபது நிமிஷம் பேசினாங்க.

நிறத்தைப் பத்தி அந்த போட்டோகிராஃபர் சொன்னதும் நல்ல பாயின்ட். தெரு முழுக்கப் பழுப்பு மரமும் சாம்பல் கல்லும், அதனால நீலம், பச்சை நல்லா எடுக்கும். ஃபுஷிமி இனாரி மாதிரி குங்கும நிற டோரி வளைவுகளுக்குள்ள போனா, அந்த நிறம் முகத்துலயே பிரதிபலிக்கும். அங்க ஆரஞ்சு, சிவப்பு கட்டிட்டுப் போனா ஆளே மறைஞ்சுடுவீங்க. ஒரு சின்னத் தகவல், அந்த வளைவுகளைக் காணிக்கையா கொடுத்தவங்க பேர் பின்பக்கம்தான் எழுதியிருக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் எழுத்து தெரியும். படத்துல எழுத்து வேணுமா வேண்டாமான்னு அதுக்கேத்த மாதிரி திசையைப் பார்த்துக்கோங்க.

இதை நான் அழுத்திச் சொல்லணும்: அவங்க முன்னாடி எடுத்த படங்கள்ல நம்ம நிறத்துல ஆளுங்க இருக்காங்களான்னு பாருங்க. இல்லைன்னா அனுப்பச் சொல்லிக் கேளுங்க. “சருமத்தை வெளுப்பாக்க வேண்டாம், சுருக்கத்தை அழிக்க வேண்டாம்”னு எழுத்துல அனுப்புங்க. எடிட்டிங்னாலே வெளுப்பாக்கறதுன்னு நினைக்கற ஆளுங்க இங்கயும் இருக்காங்க, அங்கயும் இருக்காங்க. எங்க அப்பா கருப்பு. அவர் கருப்பாத்தான் வரணும். அதுக்கு முகத்துக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் அளக்கத் தெரியணும், வெளுத்த வானத்துக்கு அளந்தா முகம் கரிக்கட்டையாகிடும்.

மிச்ச கேள்விகளை வேகமா சொல்லிடறேன். எடிட் பண்ணின படம் எத்தனை, எத்தனை நாள்ல வரும்? மழை வந்தா தேதி மாத்தலாமா, பணம் திரும்புமா? ஜூன், ஜூலை பாதி வரைக்கும் அங்க மழைக்காலம், இந்தக் கேள்வி அப்ப ரொம்ப முக்கியம். படத்தோட காப்புரிமை வழக்கமா எடுத்தவர்கிட்டதான் இருக்கும், அதனால அவர் தன் பக்கத்துல உங்க முகத்தைப் போடலாமா கூடாதான்னு முன்னாடியே பேசிக்கோங்க. குழந்தைங்க இருந்தா கண்டிப்பா. பக்கத்துல டாய்லெட் எங்கன்னும் கேளுங்க. வெட்கப்படாதீங்க, பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா அதுதான் முதல் கேள்வி.

அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னா, முதல் பதினஞ்சு நிமிஷம் வேஸ்ட். அப்பா பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கற மாதிரி விறைப்பா நின்னார். அப்புறம் போட்டோகிராஃபர்கிட்ட, “அந்தப் பக்கம் நின்னா இன்னும் நல்லா வரும் தம்பி”ன்னு தமிழ்லயே சொல்ல ஆரம்பிச்சுட்டார். அந்த மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? தன் கேமராவைக் கழட்டி அப்பா கையில கொடுத்து, ஒரு படம் எடுக்கச் சொன்னார். அப்பா அம்மாவை எடுத்தார். திருப்பிக் கொடுக்கும்போதுதான் தோள் இறங்குச்சு, ஆள் சாதாரணமானார். அதுக்கப்புறம், “போஸ் வேண்டாம், மேல நடங்க”ன்னு மட்டும் சொன்னாங்க. ஏத்தத்துல அம்மா, “ஏங்க, கையைப் பிடிச்சுக்கோங்க”ன்னாங்க. முட்டி வலிக்குச் சொன்னதுதான்.

மேல போனா சன்னென்சாகா படிக்கட்டு. அதுல விழுந்தா மூணு வருஷத்துல ஆயுசு முடிஞ்சுடும்னு ஒரு ஊர்ப்பேச்சு உண்டு. நான் வாய் வச்சுட்டு சும்மா இருக்காம அதைச் சொல்லிட்டேன். அம்மா ஒரு படி கூட ஏறலை. அதோட ஷூட் முடிஞ்சுது.

ரெண்டு வாரத்துல 60 படம் வந்துச்சு. எனக்குப் பிடிச்சது பகோடா முழுசா தெரியற படம். அப்பா பிரேம் போடக் கொடுத்தது வேற: அம்மா அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரி பண்றாங்க, அவர் எங்கயோ பார்க்கறார். பகோடா ஓரத்துல பாதிதான் தெரியுது.