மாட்டுங்காவின் பால்கனிகளும் சுவரொட்டிக் கலையும்

ஒரு கலை இயக்கத்தைத் தழுவி விளம்பரச் சுவரொட்டி வரைவோர் பலர், அதன் அலங்காரங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு அடிப்படையான விதிகளை விட்டுவிடுகின்றனர். அவ்விதிகளைக் கண்ணெதிரே கண்டு கற்க மும்பையின் மாட்டுங்கா ஏற்ற இடமாகும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியில், 1930களிலும் 1940களிலும் எழுந்த குடியிருப்புகள் பல 'ஆர்ட் டெகோ' பாணியைச் சேர்ந்தவை. 1925இல் பாரிசில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சிக்குப் பின் உலகெங்கும் பரவிய இப்பாணி, கொடியும் பூவுமாகப் படர்ந்த பழைய வேலைப்பாட்டைக் குறைத்து, வட்டம், நேர்கோடு, படியடுக்கு, சூரியக்கதிர் ஆகிய வடிவங்களால் இயந்திர யுகத்தின் வேகத்தைக் காட்ட முயன்றது. ஃபைவ் கார்டன்ஸ் சுற்றுவட்டாரத்தில் வளைந்து திரும்பும் பால்கனிகளும், கப்பலின் மேல்தளத்தை ஒத்த கைப்பிடிக் கம்பிகளும், சன்னல்களுக்கு மேல் நீண்டோடும் சன்ஷேடுகளும் அம்முயற்சியின் சான்றுகள்.

இதே கப்பல் மோகத்தைச் சுவரொட்டியில் உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் பிரான்சின் கசாண்டர். 1935இல் 'நார்மண்டி' கப்பலுக்காக அவர் வரைந்த சுவரொட்டியில், கப்பலின் முன்முகம் நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் படம் முழுவதையும் அடைத்து நிற்க, அதன் அடியில் பறக்கும் சில சின்னஞ்சிறு பறவைகள் அதன் பிரம்மாண்டத்தை உணர்த்துகின்றன. பார்வைக் கோணம் ஒன்று, பொருள் ஒன்று, நிறங்கள் சில என்பதே அவர் கையாண்ட விதி. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுக்கல்லோ தகடோ வேண்டியிருந்த கல்லச்சு முறையில், அச்சிக்கனம் செலவையும் மிச்சப்படுத்தியது.

வடிவத்தைச் சுருக்குவதன் வலிமைக்குச் செம்பூரிலும் சான்றுண்டு. அங்கு 1948இல் தொடங்கப்பட்ட ஆர்.கே. ஸ்டூடியோவின் சின்னம், ஒரு கையில் வயலினும் மறு கையில் சாய்ந்த நாயகியுமாக ராஜ் கபூர் நிற்கும், 1949ஆம் ஆண்டுப் படமான 'பர்சாத்'தின் புகழ்பெற்ற தோற்றத்திலிருந்து உருவானது. முகபாவங்கள் எல்லாம் நீங்கிய பின்னும் வெளிக்கோடு ஒன்றே அக்காட்சியை அடையாளம் காட்டுகிறது.

தாராவியில் தைக்கப்படும் தோல் பை ஒன்றுக்கு இவ்விதிகளின்படி சுவரொட்டி அமைப்பதாயின், பையைக் கீழிருந்து நோக்கும் கோணத்தில் பெரிதாக நிறுத்தி, அதன் கைப்பிடியை அரைவட்டமாக்கி, பழுப்பு, கருப்பு, இளமஞ்சள் ஆகிய மூன்று நிறங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். எழுத்தும் அவ்வாறே அமைய வேண்டும். 'பை' என்பதில் 'ப'வை மூன்று நேர்கோடுகளாக்கி, இணைக்கொம்பின் சுழிகளைக் கைப்பிடியோடு ஒத்த வளைவில் வரைந்தால், எழுத்தும் படமும் ஒரே கையால் வரையப்பட்டவையாகத் தோன்றும். கணினியில் கிடைக்கும் ஆங்கில டெகோ எழுத்துருவைத் தமிழுக்கு அருகே ஒட்டவைத்தால் இவ்வொருமை குலைந்துவிடும்.

சூரியக்கதிர், தங்க நிறக் கரை போன்ற வெளி அணிகளை நீக்கிய பின்னும் அப்பை தொலைவிலிருந்து ஒரே பார்வையில் புலப்படுமாயின், அச்சுவரொட்டி அவ்வியக்கத்தின் வழியில் வரையப்பட்டதாகும். புலப்படாவிடில், அவ்வணிகள் எத்தனை இருந்தும் அது வெறும் போலியே.