பெட்டிக்குள் சைக்கிள்

உங்கள் வீட்டுப் பெண் சைக்கிள் பந்தயத்துக்கு வெளியூர் போகிறாளா? சைக்கிளும் விமானத்தில் போகிறதா? அப்படியானால் அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு இதைக் கேளுங்கள்.

சென்ற வருஷம் என் அக்காள் பெண் அப்படித்தான் புறப்பட்டாள். சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டியில், பழைய போர்வைகளைச் சுற்றிப் பத்திரமாக வைத்து அனுப்பினோம். போன இடத்தில் பிரித்தால் ஒரு கீறல்கூட இல்லை; ஆனால் கியர் மாறவில்லை! பின் சக்கரத்தருகே கியரைத் தாங்கும் சிறிய அலுமினியத் துண்டு வளைந்து போயிருந்தது. அடி பட்டால் சட்டம் பிழைக்கட்டும் என்று தான் வளைந்து கொடுப்பதற்காகவே வைத்த துண்டு அது. சைக்கிளுக்குச் சைக்கிள் அதன் வடிவம் வேறு. அந்த ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து பழகிய பெண், ஒரே கியரில் ஓட்டிக் கடைசியில் வந்து சேர்ந்தாள். ஊர் திரும்பி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இந்த வருஷம் நானும் கூடவே உட்கார்ந்தேன்.

முதலில் பெடல்கள். வலதுபுறம் சுலபமாகக் கழன்றது. இடதுபுறமோ, திருகத் திருக இறுகியது! "சித்தி, அதற்குத் தலைகீழ் மரை!" என்று சிரித்தாள். ஸ்பானரை மேல் நோக்கி மாட்டிப் பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டுமே கழலுமாம். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாதிருக்கத்தான் இந்த ஏற்பாடு. கழன்று விழாத பெடல் என்று 1900-ல் இதை அறிவித்தவர்கள் யார் தெரியுமா? டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள்! 1903-ல் விமானத்தில் பறந்தார்களே, அவர்களேதான்.

பிறகு ஆசனத் தண்டின் உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்தாள். முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் இரு கால்களும் நசுங்காமலிருக்க நடுவே பிளாஸ்டிக் கட்டை கொடுத்தாள். டிஸ்க் பிரேக் பட்டைகளுக்கிடையே ஓர் அட்டைத் துண்டு. கியரைத் தனியே கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்துக்குள்ளேயே கட்டினாள். இதுதான் முக்கியம், மறந்துவிடாதீர்கள். உபரியாக ஓர் அலுமினியத் துண்டும் வாங்கியிருந்தாள்.

மின்சார சைக்கிளானால் இத்தனை சிரமம் வீண். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பாட்டரியைப் பயணி விமானத்தில் கொண்டு போக அனுமதியில்லை.

எல்லாம் முடிந்து, பெட்டியை மூன்று சுற்று டேப் போட்டு ஒட்டினோம். நிமிர்ந்தால், ஸ்பானர் மேஜைமேல் கிடந்தது. கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும்.

பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.